பெயிலானதற்கு ஆதாரம்

மே 9

சிமெண்ட் கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இது. நான்கு மாதமாகக் கடை மேசை ஆடாமல் இருக்க அதன் காலுக்கடியில் கிடந்தது. இன்று எடுத்துத் தூசி தட்டியதற்குக் காரணம் இருக்கிறது. இலக்கியா ப்ளஸ் டூவில் 561 மார்க். என் மகள்! இதை எங்காவது எழுதி வைக்காவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

காலை ஒன்பது மணியிலிருந்து கடையில் கூட்டம். எல்லார் கையிலும் போன் இருக்கிறது. ஆனாலும் நயினார் ஜெராக்ஸில் வந்து ரிசல்ட் பார்த்தால்தான் அவர்களுக்குத் திருப்தி. எந்த வெப்சைட்டில் எந்த மூலையில் எது கிடக்கிறது என்று இந்த ஊரில் எனக்குத்தான் தெரியும். பல்கலைக்கழக வெப்சைட் என்றால் கேட்கவே வேண்டாம். முகப்பில் ஓடுகிற எழுத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பவன் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். நான் நேரே கீழே போய், வலது ஓரம், நாலாவது வரியை அமுக்குவேன். ஹால் டிக்கெட் வந்துவிடும்.

"அண்ணாச்சி பி.ஏ. இல்லா, அதான்!" என்றார் பால்பண்ணை முருகையா. கடை போர்டிலும் அப்படித்தான் இருக்கிறது. சு. நயினார், பி.ஏ.

மே 12

இன்ஜினியரிங் கவுன்சிலிங் விண்ணப்பம். இலக்கியாவே உட்கார்ந்து நிரப்பினாள். நான் பக்கத்தில் நின்று ஸ்கேன் எடுத்துக் கொடுத்தேன். சாதி, வருமானம், இருப்பிடம் எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது.

"ஃபர்ஸ்ட் கிராஜுவேட்டான்னு கேக்கான்ப்பா" என்றாள். குடும்பத்தில் யாருமே பட்டம் வாங்கியிருக்காவிட்டால் முதல் பட்டதாரி என்று தாலுகா ஆபீஸில் சான்றிதழ் தருவார்கள். அது இருந்தால் கல்லூரியில் கட்டணச் சலுகை. நான் பதில் சொல்வதற்குள் அவளே 'இல்லை' என்பதை அமுக்கிவிட்டாள். "நீங்கதான் பி.ஏ. ஆச்சே" என்று சிரித்தாள்.

அந்த நேரம் பார்த்துக் கரண்டாவது போயிருக்கலாம். போகவில்லை.

மே 13

டோனர் மாற்றினேன். தண்ணீர் கேன் இரண்டு வந்தது. மனசு சரியில்லை.

மே 15

டைரியிலும் பொய் எழுதுவதென்றால் அப்புறம் எதற்கு டைரி? எழுதித் தொலைக்கிறேன். எனக்குப் பட்டம் கிடையாது.

மூன்று வருடம் படித்தது நிஜம். பொருளாதாரம். எல்லாத் தாளும் பாஸ், ஆங்கிலம் நாலாம் தாளைத் தவிர. அதை ஐந்து முறை எழுதினேன். ஐந்து முறையும் ஊற்றிக்கொண்டது. கடைசி முறை முப்பத்தெட்டு. நாற்பது எடுத்தால் பாஸ். அந்த இரண்டு மார்க்கைப் போடாத புண்ணியவான் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

அதற்குள் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. எங்கள் பக்கத்தில் பத்திரிகையில் பெயருக்குப் பின்னால் படிப்புப் போடாவிட்டால் மாப்பிள்ளைக்கு என்ன குறை என்று கேட்பார்கள். செண்பகத்தின் அப்பாவோ மாப்பிள்ளை பட்டதாரி என்பதற்காகவே சம்மதித்தவர். "ஒரு அரியர்தானல, அடுத்த தடவ எழுதிருவான்" என்று என் அப்பா அச்சாபீஸில் சொல்லி பி.ஏ. போட்டுவிட்டார். எனக்கு மட்டும் கசந்ததா என்ன? கல்யாணத்துக்கு முந்தின வாரம் மதிப்பெண் பட்டியல்களைச் சுக்கல் சுக்கலாகக் கிழித்துத் தோட்டத்துக் கிணற்றில் போட்டேன்.

அந்த அடுத்த தடவை வரவேயில்லை. இருபத்தொரு வருடம். பத்திரிகையில் இருந்தது ரப்பர் ஸ்டாம்புக்கு வந்தது, ஸ்டாம்பிலிருந்து போர்டுக்கு வந்தது. இதனால் யாருக்கு நஷ்டம்? பட்டத்தைக் காட்டி நான் யார் வேலையையும் பிடுங்கவில்லை. யாரையும் ஏமாற்றவில்லை. ஊரில் ஒரு மரியாதை. அவ்வளவுதான்.

மே 17

கல்லூரிகளின் கட்டண விவரம் வந்துவிட்டது. இலக்கியா ஆசைப்படுகிற கல்லூரியில் சலுகை இருந்தால் எப்படியாவது விடுதிக்குக் கட்டிச் சமாளித்துவிடுவேன். இல்லாவிட்டால் முடியாது. தலைகீழாக நின்றாலும் முடியாது.

செண்பகம் நேரடியாகவே சொல்லிவிட்டாள். "ஏட்டி, நம்மளால ஏண்டதத்தான பாக்க முடியும்? பக்கத்து ஊரு கலைக் கல்லூரில மேத்ஸ் எடுத்துக்கோ. காலைல பஸ்ஸுல போயிட்டு சாயங்காலம் வந்துரலாம்."

"சரிம்மா" என்றாள். அப்புறம் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டாள். அரைமணி நேரம் தண்ணீர் ஓடியது. வேறு நாளாக இருந்தால் தண்ணீர் வீணாகிறது என்று கத்தியிருப்பேன்.

மே 19

காலையில் யாரிடமும் சொல்லாமல் வி.ஏ.ஓ. ஆபீஸுக்குப் போனேன். முதல் பட்டதாரி சான்றிதழுக்கு அவர் விசாரித்துக் கையெழுத்துப் போட்டால்தான் மேலே போகும். வீட்டுக்குத் தெரியாமல் காதும் காதும் வைத்த மாதிரி முடித்துவிடலாம் என்று நினைப்பு. வி.ஏ.ஓ. ஜெபராணி மேடம் நல்ல மாதிரி. இரண்டு வருடமாகப் பழக்கம்.

"மேடம், எனக்குப் பட்டம் இல்ல" என்றேன்.

"வெளையாடாதீங்க அண்ணாச்சி. போன மாசம் நீங்க எழுதித் தந்த பட்டா மனுவுலகூட கீழ பி.ஏ.ன்னு சீல் குத்தியிருக்கே."

"அது சும்மா மேடம். ஒரு பேப்பர் நிக்கி."

"சலுகைன்னா எல்லாரும் இப்படித்தான் வந்து சொல்லுதாங்க. போன வருஷம் எம்.எஸ்சி. படிச்ச ஒருத்தரு எட்டாங்கிளாஸ்னு எழுதிக் கொடுத்தாரு. நாளைக்கு எவனாவது மொட்டப் பெட்டிஷன் போட்டா என் வேலைலா போகும்? நீங்க பெயிலானது நெசம்னா ஆதாரம் கொண்டாங்க, போடுதேன் கையெழுத்து. அப்புறம் நீங்க, வீட்டம்மா, பிள்ள மூணு பேரும் உறுதிமொழியில ஒப்பமிடணும்."

கிராம உதவியாளர் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டார். சிரித்தார் என்றே வைத்துக்கொள்வோம். பாஸானதற்கு ஆதாரம் கேட்டு அலையவிட்ட ஆட்களைப் பார்த்திருக்கிறேன். பெயிலானதற்கு ஆதாரம் கேட்டு அலையப்போகிற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

சரி, மூன்று பேர் கையெழுத்து அப்புறம். முதலில் ஆதாரம் கிடைக்கட்டும்.

மே 20

பல்கலைக்கழக வெப்சைட். காலை ஆறு மணிக்கே கடையைத் திறந்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தேன்.

அடுத்தவருக்குத் தேடும்போது வீட்டுக்குள் நடப்பதுபோல் நடப்பேன். எனக்கென்று தேடும்போது வாசல் தெரியவில்லை. தேர்வு முடிவுகள் என்பதில் போனால் கடைசிப் பத்து வருடம்தான் இருக்கிறது. பழைய முடிவுகள் என்று ஒன்று. அமுக்கினால் துணைவேந்தர் மரம் நடும் படங்கள். மாணவர் பகுதி என்று ஒன்று. அதற்குள் முன்னாள் மாணவர், அதற்குள் படிவங்கள், அதற்குள் மறுபடியும் மாணவர் பகுதி. 'புதியது' என்று சிவப்பில் மின்னிக்கொண்டிருந்த அறிவிப்பைத் திறந்தேன். ஏழு வருடத்துக்கு முந்தைய விளையாட்டு விழா.

எட்டரைக்கு முருகையா வந்து ஷட்டரைத் தட்டினார். ஆதார் ஜெராக்ஸ்.

மே 21

சான்றிதழ்கள் பகுதியைக் கண்டுபிடித்தேன். பட்டச் சான்றிதழ், தற்காலிகச் சான்றிதழ், தொலைந்த பட்டத்துக்கு நகல், உண்மைத்தன்மைச் சான்றிதழ், இடப்பெயர்ச்சிச் சான்றிதழ், தரவரிசைச் சான்றிதழ், பெயரில் எழுத்து மாறினால் அதற்கொன்று. எண்ணிப் பார்த்தேன், பதினாலு. பாஸானவனுக்குப் பதினாலு விதமான காகிதம், பெயிலானவனுக்கு ஒன்றுகூட இல்லை. நாங்களும் பரீட்சைக் கட்டணம் கட்டித்தானே ஐயா எழுதினோம்! நான் ஐந்து முறை கட்டியிருக்கிறேன்.

தேடும் பெட்டியில் விதவிதமாக அடித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை என்று வந்தது. கடைசியில் ஆத்திரத்தில் 'பெயில்' என்று மட்டும் அடித்தேன். கழிவறைக் குழாய் பழுதுபார்க்கும் டெண்டர் ஒன்று வந்தது. பழுதுபார்ப்பதில் பெயிலான காண்டிராக்டரைக் கறுப்புப் பட்டியலில் வைத்திருக்கிறார்களாம்.

மே 22

உதவி எண்ணுக்கு நாற்பது தடவை போட்டு, நாற்பத்தொன்றாவது தடவை ஒரு அம்மா எடுத்தார்.

"எந்த வருஷம் சார்?" சொன்னேன். "அது ரொம்பப் பழசு சார். வெப்சைட்ல பாருங்க."

"வெப்சைட்ல இல்ல மேடம்."

"இருக்கும் சார்."

"எங்கம்மா இருக்கு?"

"அதான் சொல்றேனே சார், வெப்சைட்ல."

போனை வைத்துவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். மத்தியானம் ஒரு காலேஜ் பிள்ளை ஹால் டிக்கெட் எடுக்க வந்தது. கீழே போய், வலது ஓரம், நாலாவது வரி. எடுத்துக் கொடுத்தேன். "அண்ணாச்சிக்குத் தெரியாததே இல்ல" என்றது. "வாய மூடிக்கிட்டுப் போம்மா" என்று எரிந்து விழுந்தேன். பாவம், அது என்ன செய்யும்?

மே 23

"என்ன, ஒரு மாதிரி இருக்கீங்க?" என்று செண்பகம் கேட்டாள். வெயில் என்றேன்.

மே 25

கிடைத்துவிட்டது. எங்கே? டெண்டர் பகுதியில்! கேண்டீன் குத்தகைக்கும் புல் வெட்டுவதற்கும் நடுவில், பக்கவாட்டில் சாய்த்து ஸ்கேன் செய்த ஒரு சுற்றறிக்கை. கழுத்தை ஒடித்துக்கொண்டுதான் படிக்க வேண்டியிருந்தது. இருபத்தைந்து வருடத்துக்கு உட்பட்ட பழைய மாணவர்கள் நிலுவைத் தாளை எழுத இறுதியான சிறப்பு வாய்ப்பு. அடியில் ஒரு இணைப்பு.

பதிவெண் கேட்டது. என் சொந்த செல்போன் நம்பரைக் கேட்டால் ஒரு நிமிடம் யோசிப்பேன். பதிவெண்ணை விரல்களே அடித்துவிட்டன.

பெயர், கல்லூரி, அப்பா பெயர், எல்லாம் வந்தது. நிலுவைத் தாள்: ஒன்று. ஆங்கிலம் நான்கு. மதிப்பெண் 38. தேர்ச்சி பெறவில்லை. கிணற்றில் போட்டதை அப்படியே பத்திரமாக வைத்திருக்கிறார்கள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடையில் தூசி அதிகம், நாளை கூட்ட வேண்டும்.

அந்தப் பக்கத்தை அச்செடுத்தால் வி.ஏ.ஓ. கேட்ட ஆதாரம் அதுதான். அதற்குக் கீழேயே பச்சை நிறத்தில் 'விண்ணப்பிக்க' என்று ஒரு பட்டன். கடைசி நாள் மே 28. தேர்வு ஜூலையில். எழுதிப் பாஸாகிவிட்டால் பத்திரிகையில் போட்டது, போர்டில் போட்டது எல்லாம் நிஜமாகிவிடும். யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம். ஆனால் நான் வாயைத் திறக்காவிட்டால் பிள்ளைக்குச் சான்றிதழ் கிடையாது.

மே 26

கலைக் கல்லூரியும் நல்ல கல்லூரிதான். அங்கே படித்துப் பெரிய ஆளானவர்கள் எத்தனையோ பேர்.

விண்ணப்பத்தில் பணம் கட்டும் பக்கம் வரை போனேன். எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான். 'உங்கள் நேரம் முடிந்தது' என்று காட்டி முகப்புக்குத் தள்ளிவிட்டது. அதோடு விட்டுவிட்டேன். மூன்று தடவைதான் போனேன்.

மே 27

பதினொரு மணிக்கு இலக்கியா கடைக்கு வந்தாள். கலைக் கல்லூரி விண்ணப்பத்தைப் போனிலேயே நிரப்பி எனக்கு அனுப்பியிருந்தாள். "ஒரு பிரிண்ட் போடுங்கப்பா" என்றாள். திறந்து பார்த்தேன். தந்தையின் கல்வித் தகுதி என்ற இடத்தில் பி.ஏ. பொருளாதாரம் என்று இருந்தது. பொருளாதாரம் என்பதைக்கூட விடவில்லை.

பிரிண்ட் கொடுக்கக் கை வரவில்லை. பல்கலைக்கழகத்தின் அந்தப் பக்கத்தைத் திறந்து, பதிவெண்ணை அடித்து, திரையை அவள் பக்கம் திருப்பினேன்.

படித்தாள். "யாருப்பா இது?"

"நான்தான்."

இன்னொரு முறை படித்தாள். முகம் சிவந்துவிட்டது. பெயிலானதற்குக் கேவலமாக நினைக்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"பத்து நாளா நான் அழுததுலாம் தெரியுமாப்பா உங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சும் சும்மாவே இருந்தீங்களா?"

நான் மேசைமேல் கிடந்த தாள்களை எடுத்து அடுக்கினேன். "அம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

செண்பகம் மொட்டை மாடியில் கூழ் வத்தல் ஊற்றிக்கொண்டிருந்தாள். வெயிலில் நின்றபடியே சொன்னேன். ஒரே மூச்சில், பத்திரிகை, கிணறு, முப்பத்தெட்டு, எல்லாம். அவள் கரண்டி ஒரு இடத்தில் நின்றது.

"எங்கப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அந்த மட்டுக்கும் நல்லது." கரண்டி மறுபடி ஓடியது. "காக்கா வருதான்னு பாத்துக்கிடுங்க" என்றாள். இவ்வளவுதானா என்று எனக்கே ஆச்சரியம். இதற்காகவா இத்தனை வருடம் பயந்தேன்?

மே 28

மூன்று பேரும் வி.ஏ.ஓ. ஆபீஸ் போனோம். ஜெபராணி மேடம் என் பிரிண்டை நம்பாமல் அவரே பதிவெண்ணை அடித்துப் பார்த்தார். இணைப்பு எங்கே என்று நான்தான் சொல்லிக் கொடுத்தேன். டெண்டர் பகுதி, கேண்டீனுக்குக் கீழே.

"அடக்கடவுளே, முப்பத்தெட்டா? ரெண்டு மார்க்குலயா போச்சு?" என்று உச்சுக்கொட்டினார். வரிசையில் நின்ற ஏழெட்டுப் பேர் காதிலும் விழுந்தது. இன்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். உறுதிமொழியில் நான் போட்டேன், இலக்கியா போட்டாள். செண்பகம் என் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அதற்குக் கீழே போட்டாள்.

சிறப்பு வாய்ப்பு ஐந்து மணியோடு முடிந்தது. நான் பார்க்கவில்லை. ஐந்து பத்துக்குப் பார்த்தபோது முடிந்துவிட்டது என்று இருந்தது.

ஜூன் 1

போர்டில் பி.ஏ.வை பிளேடால் சுரண்டினேன். முருகையா கேட்டதற்கு வெயிலில் உரிந்துவிட்டது என்றேன். "அப்படியா?" என்றார். அவர் வாயோரத்தில் ஒரு சிரிப்பு. போகட்டும்.

ஜூன் 4

சான்றிதழ் வந்துவிட்டது! இலக்கியாவே உட்கார்ந்து 'இல்லை'யை 'ஆம்' என்று மாற்றி, சான்றிதழை ஏற்றினாள். இன்னும் என்னிடம் சரியாகப் பேசவில்லை. ஆனால் போகும்போது, "அப்பா, சாப்புட வாங்க" என்றாள். எனக்கு அது போதும்.

ஜூன் 5

மத்தியானச் சாப்பாடு. மனசு லேசாக இருந்தது. எத்தனையோ நாளுக்குப் பிறகு சோற்றில் ருசி தெரிந்தது. இலக்கியா தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். இரண்டாவது முறை குழம்பு வாங்கிக்கொண்டு, வாய் சும்மா இராமல் சொன்னேன். "பாத்தியா செண்பகம்? நான் பெயிலானதாலதான் பிள்ளைக்குச் சலுகை. பாஸாயிருந்தா கிடைச்சிருக்குமா? அந்தப் பி.ஏ.வால யாருக்கு என்ன நஷ்டம் வந்துட்டு, சொல்லு."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். அப்பளத்தை எடுத்து என் இலை ஓரத்தில் வைத்தாள்.

"உங்களுக்கு முன்னால ஒருத்தரு என்னைப் பொண்ணு பாத்துட்டுப் போனாரு. ஈ.பி.ல லைன்மேன். ஐ.டி.ஐ. படிச்சிருந்தாரு. எல்லாம் முடிவாகுத மாதிரி இருந்துச்சு. அப்பதான் உங்க ஜாதகம் வந்தது, பி.ஏ.ன்னு. எங்கப்பா அவங்களுக்கு வேண்டாம்னு சொல்லி அனுப்பிட்டாரு."

"அது உங்கப்பா பண்ணுனது" என்றேன்.

"ஆமா. எங்கப்பாவுக்குத்தான் பி.ஏ. மாப்பிள்ள வேணும்." சோற்றுப் பானையை மூடினாள். "எனக்கு அவரத்தான் பிடிச்சிருந்தது."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் பெயர் என்ன என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. தெரிந்து என்ன செய்யப்போகிறேன்?

"மோர் ஊத்தவா?" என்றாள்.

ஊற்று என்றேன்.

ஜூன் 6

கடை திறக்கவில்லை. கவுன்சிலிங் விண்ணப்பத்துக்கு இன்றுதான் கடைசி நாள், போன் மேல் போன். நெட் இல்லை என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டேன்.